காசு கட்டிய லினக்ஸ், அப்டேட் போட்டால் 403 (அவசரம்)

வெள்ளைத்திரை:
காசு கட்டித்தான் வாங்கினோம். போன வாரம் வரை அப்டேட் வந்தது, இன்று காலையிலிருந்து 403 ஃபார்பிடன், அனுமதி இல்லை என்கிறது. சந்தா முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. யாராவது சொல்லுங்கள்.

ராத்திரிஷிப்ட்:
எந்த லினக்ஸ்? எந்தப் பதிப்பு? வி.எம்.-ஆ (மெய்நிகர் மெஷின்), தனி மெஷினா? நடுவில் ப்ராக்ஸி உண்டா? இங்கே ஜோசியர் யாரும் இல்லை.

டெர்மினல்தம்பி:
கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் தப்பினால் சான்றிதழ் செல்லாது. எனக்கு இரண்டு தடவையும் அதுதான்.

வெள்ளைத்திரை:
ரெட் ஹாட் 8. வி.எம். ப்ராக்ஸி இல்லை. கடிகாரம் சரி.

பழையகர்னல்:
முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் "வாங்கியது" லினக்ஸ் இல்லை. அப்டேட் கிடங்குக்குள் நுழையும் அனுமதியும், போன் எடுத்துப் பேசும் ஆளும்தான். அனுமதி மெஷினில் ஒரு சான்றிதழாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கிடங்கு ஏற்கவில்லை என்றால் 403. இதைக்கூடப் படிக்காமல் சர்வர் நடத்துகிறார்கள்.

கட்டற்றவள்:
யாரும் நகலெடுத்துப் பகிரலாம் என்கிற ஜி.பி.எல். உரிமத்தில் வந்த மென்பொருளுக்கு நுழைவுச் சீட்டு! 2023 ஜூனில் ரெட் ஹாட்காரர்கள் பொதுவில் வைத்த மூலநிரலையும், வரப்போகும் பதிப்பின் முன்னோட்டமான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பழையகர்னல்:
ஜி.பி.எல். விற்பனையைத் தடுக்கவே இல்லை. அந்த உரிமத்தை எழுதிய ஸ்டால்மனே 1985-இல் தன் ஈமாக்ஸ் எடிட்டர் டேப்பை 150 டாலருக்கு விற்றவர். பைனரியை, அதாவது ஓடும் நிரலைப் பெற்றவருக்கு மூலநிரல் கிடைக்க வேண்டும், அவ்வளவே. ஊருக்கெல்லாம் கடை விரிக்கச் சொல்லவில்லை.

கட்டற்றவள்:
டேப் வாங்கியவர் நண்பருக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்தால், அடுத்த டேப் உனக்குக் கிடையாது என்று ஸ்டால்மன் சொன்னாரா? ரெட் ஹாட்காரர்கள் ஒப்பந்தத்தில் அதற்குத்தானே இடம் வைத்திருக்கிறார்கள்.

டெர்மினல்தம்பி:
எதற்கு வம்பு, ரெட் ஹாட் போலவே ஓடும் இலவச லினக்ஸான ஆல்மாவுக்கோ ராக்கிக்கோ மாறிவிடுங்கள். சந்தாவே வேண்டாம்.

பழையகர்னல்:
ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் விழுந்தால் ஆல்மாவில் யாரைக் கூப்பிடுவீர்கள், உங்களையா?

ராத்திரிஷிப்ட்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். @வெள்ளைத்திரை, அந்த வி.எம். வேறு எதையாவது நகலெடுத்துப் போட்டதா? "சப்ஸ்கிரிப்ஷன்-மேனேஜர் ஐடென்டிட்டி" கொடுத்தால் என்ன வருகிறது?

வெள்ளைத்திரை:
பழைய சர்வரின் குளோன்தான். வெள்ளிக்கிழமை பழையதை அன்ரெஜிஸ்டர் செய்து அணைத்துவிட்டோம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கமாண்ட் கொடுத்தால் ஏதோ "டெலிட்டட்" என்கிறது.

ராத்திரிஷிப்ட்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். குளோன் எடுத்தபோது பழைய சர்வரின் அடையாளமும் சான்றிதழும் சேர்ந்தே வந்துவிட்டன. ரெட் ஹாட் பக்கம் பார்த்தால் இரண்டும் ஒரே மெஷின். பழையதை நீக்கியதும் இதன் சான்றிதழும் செத்துப்போனது. "சப்ஸ்கிரிப்ஷன்-மேனேஜர் க்ளீன்", பிறகு "சப்ஸ்கிரிப்ஷன்-மேனேஜர் ரெஜிஸ்டர்". க்ளீன் இந்த மெஷினில் உள்ளதைத்தான் துடைக்கும், வாங்கிய சந்தாவைத் தொடாது. இனி குளோன் எடுத்ததும் முதல் வேலை இதுதான்.

டெர்மினல்தம்பி:
எதற்கும் கடிகாரத்தை இன்னொரு முறை பாருங்கள்.

வெள்ளைத்திரை:
வந்துவிட்டது. நன்றி.

கட்டற்றவள்:
@பழையகர்னல், டேப் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.