சில தமிழ்ப் பெயர்கள் மட்டும் மீளவில்லை: யூடிஎஃப்-8 சிக்கல், உதவி தேவை

கேள்வி:
எங்கள் பதிவு மென்பொருள் தினமும் ராத்திரி ஒரு சிஎஸ்வி ஃபைலில் பெயர்ப் பட்டியலை எழுதுகிறது. நடுவில் ஒரு ஜாவா புரோகிராம் அதை வாசித்து, தேவையான பத்திகளை மட்டும் எடுத்து, இன்னொரு மென்பொருளுக்கு அனுப்பும். போன வாரம் அந்தப் புரோகிராமை லினக்ஸிலிருந்து விண்டோஸ் சர்வருக்கு மாற்றினோம். அன்றிலிருந்து தமிழ் மொத்தமும் குப்பை. தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இதே ஜோடி திரும்பத் திரும்ப. நடுநடுவே கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி.

பைத்தானில் ஒவ்வொரு வரியையும் விண்டோஸ்-1252 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியீட்டு முறை) ஆக என்கோட் செய்து, அதாவது பைட்டுகளாக்கி, அவற்றை யூடிஎஃப்-8 (எல்லா மொழிக்குமான யூனிகோட் முறை) ஆக டிகோட் செய்து, அதாவது திரும்ப எழுத்தாக்கிப் பார்த்தேன். நிலா, மீனா, கவிதா எல்லாரும் அழகாகத் திரும்பி வந்துவிட்டார்கள். கண்ணன், முத்து, வேலு வரவில்லை, எரர்தான். பாதி மட்டும் எப்படிச் சரியாகும்?

பதில் 1:
பழைய பாமினி (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு) ஃபைலாக இருக்குமோ? இல்லையென்றால் ஃபைலின் தொடக்கத்தில் பாம் (இது யூடிஎஃப்-8 என்று சொல்லும் மூன்று பைட்: 239, 187, 191) சேர்த்துப் பாருங்க. எக்செல்லில் எனக்கு அப்படித்தான் சரியானது.

பதில் 2:
பாமினி இல்லைங்க. அதுவாக இருந்தால் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். பாம் எக்செல் திறக்கும்போது உதவும். ஏற்கெனவே கெட்டுப்போன ஃபைலுக்கு உதவாது.

நண்பரே, தமிழ் எழுத்து, புள்ளி, உயிர்க்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட் (பைட் என்பது 0 முதல் 255 வரை ஓர் எண்). முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. விண்டோஸ்-1252 கண்ணுக்கு 224தான் அந்தச் சாய்கோடு ஏ, 174 வட்ட ஆர். ஆக யாரோ யூடிஎஃப்-8 ஃபைலை 1252 என்று நினைத்து வாசித்திருக்கிறார்கள்.

சுவாரசியம் இனிமேல்தான். 1252 அட்டவணையில் ஐந்து இடம் காலி: 129, 141, 143, 144, 157. புள்ளியின் கடைசி பைட் 141. உகரக் குறிக்கு 129. ஏ-வுக்கு 143, ஐ-க்கு 144. நம் நேரம்! ஜாவா அந்தக் காலி இடங்களில் மாற்றுக்குறியை (புரியாத பைட்டுக்குப் பதிலாக வரும் குறி) வைத்துவிடும். அதுதான் உங்கள் கறுப்புக் கட்டம். நிலாவுக்குப் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை, தப்பித்தாள்.

ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்டுகளை எண்ணாகக் காட்டும் மென்பொருள்) எண்களைப் பத்தடிமானத்தில் மாற்றிப் பாருங்க. தமிழ்ப் பெயர் 224 என்று தொடங்கினால் ஃபைல் நலம். 195, 160 என்று தொடங்கினால் இரண்டு முறை என்கோட் ஆகியிருக்கிறது, மீட்கலாம். 239, 191, 189 இருக்கும் இடத்தில் பழைய பைட் போயே போச்சு.

கேட்டவர்:
மூல ஃபைலில் 224. புரோகிராம் எழுதிய ஃபைலில் 195, 160. நடுநடுவே 239, 191, 189ம் நிறைய. போன பைட்டை ஊகித்து நிரப்ப முடியாதா?

பதில் 2:
முடியாதுங்க. 175க்கு அப்புறம் தொலைந்தது புள்ளியா உகரமா என்று ஃபைலுக்கே தெரியாது. வேல் என்று ஒருவர், வேலு என்று ஒருவர் இருந்தால் என்ன செய்வீங்க? மூலத்திலிருந்து மறுபடி எடுங்க. முதலில் ஜாவா எத்தனையாவது பதிப்பு என்று பாருங்க. 2022இல் வந்த 18 முதல்தான் டிஃபால்ட் யூடிஎஃப்-8. அதற்கு முன்னால் சர்வரின் செட்டிங் என்னவோ அதுதான். லினக்ஸில் ஓடியது விண்டோஸில் சறுக்கியது அதனால்தான்.

கேட்டவர்:
ஜாவா 11. கோடில் பார்த்தால், எழுதும் இடத்தில் யூடிஎஃப்-8 என்று போட்டிருக்கிறது, வாசிக்கும் இடத்தில் எதுவுமே இல்லை! போட்டேன், மூலத்திலிருந்து திரும்ப ஓட்டினேன், எல்லாப் பெயரும் வந்துவிட்டது. ரொம்ப நன்றி. ஒரே தொல்லை, பெயர்களைப் பெறும் அந்த இன்னொரு மென்பொருளின் ஆட்கள் இந்த ஒரு வாரத்தில் சில பெயர்களைக் கையாலேயே திருத்தி வைத்திருக்கிறார்கள். அந்த வரிகளை மட்டும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.