நில அனுமதி: தென்னாப்பிரிக்காவில் நகராட்சி முடிவை மாகாண அரசு மாற்றலாமா?

சாட்ஸ்வொர்த் மாணவி:
எஸ்டேட் ஏஜென்ட் படிப்பில் இப்போ ஸ்ப்லூமா சட்டம், அதாவது 2013-ஆம் ஆண்டு நில உபயோகச் சட்டம் நடக்குது. நகராட்சி கொடுக்கிற அனுமதியை மாற்ற மாகாண அரசுக்கு அதிகாரம் வேணும்னு நான் சொல்றேன். நம்ம டர்பன் பக்கம் டோங்காட்டில் 2013 நவம்பரில், கட்டிக்கிட்டிருந்த மால் இடிஞ்சு ரெண்டு உயிர் போச்சே, மறக்க முடியுமா?

பீனிக்ஸ் சர்வேயர்:
தங்கச்சி, டோங்காட் பிளானுக்கு நகராட்சி அனுமதியே கொடுக்கலை. வேலையை நிறுத்தச் சொல்லி கோர்ட் உத்தரவும் வாங்கியிருந்தது. அப்புறம் மாகாணம் எதை மாற்றும்? உத்தரவு வந்த அன்னைக்கே கேட்டைப் பூட்ட ஆள் இல்லாததுதான் அங்கே குறை. தவிர, ரீசோனிங், அதாவது ஒரு மனையை எதுக்குப் பயன்படுத்தலாம்ங்கிறதை மாற்றுறது, நகராட்சியின் வேலைன்னு அரசியலமைப்பு நீதிமன்றம் 2010-லேயே ஜோஹானஸ்பர்க் வழக்கில் சொல்லிடுச்சு. நகராட்சி முடிவு மேல மாகாண அமைச்சர் அப்பீல் கேட்கலாம்னு வெஸ்டர்ன் கேப் மாகாணச் சட்டத்தில் இருந்த பிரிவும் 2014-ல் செல்லாமப் போச்சு.

வெருலம் அக்கா:
சட்டம் சரி தம்பி, எங்க தெருவுக்கு வந்து பாருங்க. பக்கத்து மனை குடியிருப்புக்குன்னு ஏஜென்ட் வித்தார். இப்போ அங்கே பேனல் பீட்டர், அதான் கார் பாடி ரிப்பேர் கடை, நாள் பூரா பெயின்ட் நெடி. ஆட்சேபனை நோட்டீஸ்னு வேலியில் ஒரு தாள் ஒட்டினாங்க, முதல் மழையிலேயே எழுத்து கரைஞ்சிடுச்சு. இந்த மனுக்களை முடிவு பண்ற நகராட்சித் தீர்ப்பாயத்தில் கவுன்சிலர் உட்காரக் கூடாதாம். ஆனா 21 நாளுக்குள்ள அப்பீல் போட்டா, அது அதே நகராட்சியின் நிர்வாகக் குழுகிட்டத்தானே போகுது!

பீனிக்ஸ் சர்வேயர்:
அந்த அப்பீலைப் பற்றிப் பேசற ஸ்ப்லூமா 51-ஆம் பிரிவே, அதை வெளி அமைப்பிடம் விடலாம்னும் சொல்லுதே அக்கா, அதைக் கேட்டுப் போராடுங்க. மேலிடத்துக்கு அதிகாரம் கொடுக்க மட்டும் சொல்லாதீங்க. யார் எங்கே குடியிருக்கணும்னு இனவாரியா பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்தை 1950-ல் போட்டது மத்திய அரசு. டர்பனோட கேட்டோ மேனர் பகுதி காலியானது அதனாலதான்.

சாட்ஸ்வொர்த் மாணவி:
எங்க பாட்டி வீடும் அதில் போச்சு அண்ணே. ஆனா இனவாரியா நகரத்தைப் பிரிச்சு வரைபடம் போட்டது டர்பன் நகரசபையோட குழு. உள்ளூர்க்காரங்கன்னா நியாயம் செய்வாங்கன்னு எப்படி நம்பறது? டோங்காட்டைப் பற்றி நீங்க சொன்னது சரி, அந்த உதாரணம் என் வாதத்துக்கு உதவாது. அக்கா சொன்னது உதவும். நகராட்சிகளைக் கண்காணிக்க ஸ்ப்லூமாவோட 10-ஆம் பிரிவு மாகாணத்துக்கு ஏற்கெனவே இடம் கொடுக்குது. எந்த மனுவை எப்போ, ஏன் அனுமதிச்சாங்கன்னு மாகாணம் கேட்டு வாங்கி வெளியிடட்டும். இதையும் எந்தக் கோர்ட் தடுத்தது?

பீனிக்ஸ் சர்வேயர்:
கேட்டு வாங்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ரத்து பண்ற அதிகாரம் மட்டும் வேண்டாம். அக்கா, அந்த மனையோட பத்திரத்தைப் பாருங்க. வீடு மட்டும்தான்னு நிபந்தனை இருந்தா, அதை நீக்காம பேனல் பீட்டர் நடத்த முடியாது.