பிட்ஸ்பர்க் சர்ச் ப்ரூ வொர்க்ஸ்: எப்போது போவது, எதைப் பார்ப்பது, எதைக் குடிப்பது?

ஊர்சுற்றி412 (கேள்வி):
அடுத்த மாதம் வியாழன், வெள்ளி இரண்டு நாள் பிட்ஸ்பர்க்கில் இருப்போம். நாங்கள் நான்கு பேர். இருவர் பீர் குடிப்போம், ஒருவர் சுத்த சைவம், ஒருவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. லாரன்ஸ்வில்லில் பழைய கத்தோலிக்கக் கோயிலையே பீர் காய்ச்சும் பப் ஆக்கியிருக்கிறார்களாமே, அது போகத் தகுந்த இடமா, வெறும் போட்டோவுக்கான இடமா? எந்த நேரம் நல்லது? பீரில் எதை முதலில் வாங்குவது? சைவக்காரர் பட்டினி கிடக்காமல் இருக்க வழி உண்டா? பில் எவ்வளவு ஏறும்?

மால்ட்மூட்டை:
தாராளமாகப் போகலாம். ஆனால் பகலில் போங்கள். வண்ணக் கண்ணாடி சன்னல்களுக்கு வெளியிலிருந்து வெளிச்சம் வந்தால்தான் உயிர். இருட்டிய பிறகு உள்ளேயிருந்து பார்த்தால் அவை வெறும் கறுப்புப் பலகை. ராத்திரி எட்டு மணிக்குப் போய்விட்டு ‘ஒன்றும் விசேஷமில்லை’ என்று எழுதுகிறவர்கள் பாதி இடத்தைப் பார்க்கவே இல்லை. உங்களுக்கு வியாழன் பிற்பகல் சரி. திறக்கும் நேரம் மாறுவதுண்டு, போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முகவரி 3525 லிபர்ட்டி அவென்யூ.

கட்டடம் 1902இல் முடிந்தது, புனித யோவான் ஸ்நாபகர் கோயில். 1993இல் மறைமாவட்டம் மூடியது, 1996 ஆகஸ்டில் ப்ரூபப்பாகத் திறந்தது. உள்ளே நுழைந்ததும் நேரே பாருங்கள்: பீடம் இருந்த அரைவட்ட மாடத்தில், நீல வண்ணக் கூரைக்குக் கீழே, செம்பும் எஃகுமாகக் காய்ச்சும் கொப்பரைகள். பிறகு கீழே பாருங்கள். தரை டக்ளஸ் ஃபர் மரம். உட்காரும் இடங்கள் பழைய பெஞ்சுகளை வெட்டிக் குறுக்கியவை. வெட்டியதில் மிஞ்சிய ஓக் பலகையில்தான் பாரையே செய்திருக்கிறார்கள். பாவசங்கீர்த்தன அறையை இடித்த செங்கல் வெளியே பெயர்ப்பலகைத் தூண்களுக்குப் போயிருக்கிறது. பலர் அந்தத் தூணில் சாய்ந்து படமெடுத்துக்கொள்வார்கள், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே.

பீருக்கு வருவோம். முதலிலேயே பைன்ட் வாங்க வேண்டாம். அமெரிக்க பைன்ட் 473 மி.லி., இரண்டிலேயே வயிறும் நாக்கும் நிறைந்துவிடும். சாம்பிள் தட்டு கேளுங்கள். பொதுவாக ஒரு குவளை 120 முதல் 150 மி.லி. இருக்கும். நாலைந்து குவளையை இருவர் பகிர்ந்தால் போதும்.

வரிசைதான் முக்கியம். நிறத்தைப் பார்த்து வரிசைப்படுத்துவதுதான் நம்மவர்கள் செய்யும் தப்பு. கறுப்பு என்றால் கனம், கசப்பு என்று நினைத்து, இங்கே காய்ச்சும் கறுப்பு பீரான பையஸ் மங்க் டுங்கலைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். டுங்கல் மியூனிக் பாணி லாகர், அதாவது குளிரில் நிதானமாக நொதிக்க விடும் பீர். அந்த வகைக்குக் கசப்பு 18 முதல் 28 ஐபியூ (கசப்பை அளக்கும் அலகு), ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டி. நிறம் வருவது மியூனிக் மால்ட்டிலிருந்து (மால்ட் என்றால் முளைகட்டிக் காயவைத்த பார்லி), ரொட்டி மேலோடு போன்ற வாசம், கருகல் கிடையாது. அமெரிக்க ஐபிஏ (ஹாப்ஸ் பூவின் கசப்பு தூக்கலான பீர்) பார்க்கப் பொன்னிறம், ஆனால் 40 முதல் 70 ஐபியூ. ஐபிஏவுக்குப் பிறகு டுங்கலைக் குடித்தால் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஆகவே செலஸ்டியல் கோல்ட், பையஸ் மங்க் டுங்கல், பைப் ஆர்கன் பேல் ஏல், கடைசியாக ஐபிஏவோ அன்றைக்கு இருக்கும் ஸ்பெஷலோ. டுங்கலை மட்டும் ஐந்து நிமிடம் கையில் வைத்திருந்து குடியுங்கள். 3 டிகிரியில் எதுவும் தெரியாது, 8 டிகிரிக்கு வந்தால்தான் மால்ட் பேசும்.

குவளையையும் பாருங்கள். நுரை இறங்கும்போது உள்சுவரில் வளையம் வளையமாக ஒட்டினால் கழுவியது சுத்தம். பீர் இருக்கும்போதே குமிழிகள் கண்ணாடியில் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு, மாற்றச் சொல்லலாம். இது எந்தக் கடைக்கும் பொருந்தும். லாகரில் வெண்ணெய் வாசம் வந்தால் நொதித்தல் முடிவில் ஈஸ்ட் அந்த வாசம் தரும் டயாசிட்டைலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் முன்பே குளிர்வித்துவிட்டார்கள், அல்லது குழாய் சுத்தமில்லை. காடி வாசம் என்றால் பெரும்பாலும் குழாயும் டேப்பும்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது அமெரிக்காவில் நடைமுறை விதி.

கல்லும்சுண்ணாம்பும்:
கட்டடப் பக்கத்திலிருந்து கொஞ்சம். கொப்பரையை ஏன் பீடப் பகுதியில் வைத்தார்கள்? கவர்ச்சிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். பழைய கட்டடத்தில் ப்ரூவரி வைக்க நாலு தலைவலி உண்டு: எடை, ஈரம், ஆவி, வாயு.

ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன்னுக்கு மேல். அந்த எடை பரவலாக உட்காராது, நாலு காலில் இறங்கும். ஆட்கள் உட்காருவதற்குப் போட்ட மரத்தரை அதைத் தாங்காது. கீழே தனித் தாங்கல் கொடுக்கத்தான் வேண்டும். அதை ஒரு மூலையில் குவித்துவிட்டால் மற்ற தரையைத் தொடாமல் விடலாம். மாடம் சின்னது, உயரமானது, சற்று மேடானது. உயரத் தொட்டிக்கு ஏற்ற இடம், மக்கள் நடமாட்டமும் குறுக்கே வராது.

ஈரம்: ப்ரூவரித் தரையை நாள் முழுக்க வெந்நீரும் காரமும் அமிலமும் போட்டுக் கழுவுவார்கள். தரைக்கு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவாவது கொடுத்து வடிகாலுக்கு விட வேண்டும். தண்ணீர் மரத்தடியில் புகுந்தால் தெரிவதற்கே வருடக்கணக்காகும், தெரியும்போது உத்திரம் உளுத்திருக்கும்.

ஆவி: வோர்ட்டை (நொதிக்கும் முன் உள்ள மால்ட் சாறு) ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் 5 முதல் 8 சதவீதம் ஆவியாகும். ஆயிரம் லிட்டருக்கு 50 முதல் 80 லிட்டர் தண்ணீர். அது கூரைக்குப் போனால் ஓவியமும் சுண்ணாம்புப் பூச்சும் உதிரும். அதனால் புகைபோக்கி வைத்து வெளியே விடுவார்கள், அல்லது குளிர்நீர் தெளித்து ஆவியைத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டன்சர் வைப்பார்கள். எந்தப் பழைய கட்டட ப்ரூபப்புக்குப் போனாலும் கெட்டிலின் (கொதிக்க வைக்கும் கொப்பரை) தலையிலிருந்து குழாய் எங்கே போகிறது என்று தேடுங்கள். கட்டடக் கலைஞர் கெட்டிக்காரரா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

வாயு: 5 சதவீத பீர் ஒரு லிட்டர் நொதிக்கும்போது சுமார் 38 கிராம், அதாவது 20 லிட்டர் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வரும். காற்றைவிடக் கனம், அடித்தளத்தில் தேங்கும். நொதிகலம் அடித்தளத்தில் இருந்தால் வாயு அளவைக் காட்டும் மானியும் வெளியேற்று விசிறியும் கட்டாயம். ‘கீழே எட்டிப் பார்க்கலாமா’ என்று கேட்டு ஊழியர் மறுத்தால் கோபிக்காதீர்கள்.

மால்ட் அரைக்கும் மில்லைச் சாப்பாட்டுக் கூடத்தில் பார்க்க முடியாது. தூசு தீப்பிடிக்கும் சரக்கு, தனி அறையில்தான் வைப்பார்கள். காய்ச்சும் நாளாக அமைந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், கூடம் முழுக்க ஹார்லிக்ஸ் கலக்கிய மாதிரி மணக்கும். பெரும்பாலும் காலையில் ஆரம்பிப்பார்கள், 6 முதல் 8 மணி நேர வேலை. போனில் அதையும் கேளுங்கள்.

பெரியவருக்கு: உயர்ந்த கூரை, கெட்டிச் சுவர், சத்தம் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். காதுக்கருவி போட்டவர் என்றால் கூட்டமான மாலையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே புரியாது. நடுக்கூடத்தை விட்டுச் சுவரோரம் கேளுங்கள். பெஞ்சில் முதுகு நேராக நிற்கும், நாற்காலி போட்ட மேசை இருந்தால் அது மேல்.

பங்குக்காரர்:
ஒரு திருத்தம். ‘பலிபீடத்தின் மேல் பீர் தொட்டி’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பீடம் இருந்த இடம் என்று மால்ட்மூட்டை எழுதியதுதான் சரி. 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1222ஆம் விதிப்படி ஆயர் ஒரு கோயிலை ‘இழிவல்லாத உலகியல் பயன்பாட்டுக்கு’ விடலாம். ஆனால் கோயில் அப்படி மாறினாலும் பீடம் தன் அர்ப்பணிப்பை இழப்பதில்லை என்கிறது 1238. அதனால் பீடத்தை முதலில் அகற்றிவிடுவதுதான் முறை. பீர்க்கடை இழிவா இல்லையா என்பது வேறு சண்டை, அது இந்த இழையில் வேண்டாம். பழைய பங்கு மக்களின் குடும்பங்களும் சாப்பிட வரலாம் என்பதை மனதில் வைத்து, அந்த மாடத்தின் முன் கோமாளி போஸ் மட்டும் தவிர்க்கலாம்.

இலைச்சோறு:
சைவக்காரருக்கு: பியரோகி. போலந்து, ஸ்லோவாக்கியா பக்கத்திலிருந்து எஃகு ஆலைகளுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம். வடிவம் சோமாசி, மாவு வேகவைத்த கொழுக்கட்டை, உள்ளே உருளைக்கிழங்கும் சீஸும். கேட்க வேண்டியது மூன்று. வெங்காயத்தோடு பன்றிக்கொழுப்பு சேர்த்து வதக்குகிறார்களா? பொரிக்கும் எண்ணெய் கோழிக்கும் பொதுவா? சூப்பின் அடிச்சாறு எது? ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் இந்த மூன்றும் வெளியே வராது, தனித்தனியாகக் கேளுங்கள். மெனு மாறும், ‘இன்றைய பியரோகி’ என்று வருவதில் இறைச்சி இருக்கலாம்.

பீரிலும் ஒரு கண்ணி உண்டு. சில ஏல்களைத் (லாகர்போலக் குளிரில் நொதிக்காத பீர் வகை) தெளிவாக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் போடுவார்கள். லாகர் வாரக்கணக்கில் குளிரில் கிடந்து தானே தெளிவதால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ‘மில்க் ஸ்டவுட்’ என்றால் பால்சர்க்கரை நிச்சயம்.

பில்: பிட்ஸ்பர்க் இருக்கும் அலகெனி மாவட்டத்தில் சாப்பாட்டுக்கு 7 சதவீத விற்பனை வரி, ஊற்றித் தரும் மதுவுக்கு 7 சதவீதப் பான வரி. டிப்ஸ் 18 முதல் 20. மெனு விலையோடு 27 சதவீதம் கூட்டி வைத்துக்கொண்டால் அதிர்ச்சி இருக்காது. குடிக்கும் இருவரும் பாஸ்போர்ட்டை அசலாகக் கொண்டுபோங்கள். வயது 21 எல்லாம் பார்த்தாலே தெரியும் என்று வாதாடிப் பயனில்லை, நம் ஊர் லைசென்ஸை வாங்க மறுக்கலாம்.

பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கும் போவீர்கள்தானே? அதை வெள்ளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டையும் திணித்தால் பெரியவர் முகம் சரியாக இருக்காது.

ஊர்சுற்றி412:
எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: குடுவையில் நிரப்பி வாங்கி சென்னைக்கு எடுத்து வரலாமா?

மால்ட்மூட்டை:
சட்டப்படி முடியும், ருசிப்படி வீண். அந்தக் குடுவைக்குப் பெயர் க்ரௌலர், 64 அவுன்ஸ், 1.89 லிட்டர். இந்திய சுங்கம் ஒருவருக்கு 2 லிட்டர் விடும். கைப்பையில் போகாது, செக்-இன் பெட்டியில்தான். ஆனால் டேப்பிலிருந்து நிரப்பும்போதே காற்று கலந்துவிடும், பிறகு ஒரு நாள் முழுக்கக் குளிர் இல்லாத பயணம். மூடி கசிந்து கேஸ் போய், ஈர அட்டை வாசத்தோடு வந்து சேரும். அறைக்கு வாங்கிப்போவதானால் குளிரிலேயே வைத்து நாலைந்து நாளுக்குள் திறங்கள், திறந்தால் அடுத்த நாளுக்குள் முடியுங்கள். ஊருக்கு என்றால் கேன் விற்கிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொன்றையும் ஜிப் பையில் போட்டு, துணிக்கு நடுவே.

இன்னொன்று, வெளியே வெயிலில் உட்கார்ந்தால் பேல் ஏலை நிழலில் வையுங்கள். ஹாப்ஸ் கசப்பும் சூரிய ஒளியும் சேர்ந்தால் சில நிமிடத்திலேயே நாற்றம் எடுக்கும்.