ஸ்லாக்: மிச்சமா, எச்சமா?

நண்பர்களே,
திங்கட்கிழமை வகுப்பில் நேரப் பகுப்பாய்வு (சில்லுக்குள், அதாவது சிப்புக்குள், தரவு உரிய நேரத்தில் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது) எடுக்கிறேன். பாடக்குறிப்பு நாளை மாலைக்குள் நகலெடுக்கப் போயாக வேண்டும். முன்னமைதி நேரம் (செட்டப்: கடிகாரத் துடிப்பின் விளிம்புக்கு முன் தரவு மாறாமல் நிற்க வேண்டிய நேரம்), பின்னமைதி நேரம் (ஹோல்ட்: விளிம்புக்குப் பின் அப்படி நிற்க வேண்டிய நேரம்) என்ற சொற்கள் இரண்டும் போன மாதம் இங்கேயே முடிவானவை. 'ஸ்லாக்' (கெடு நேரத்துக்கும் தரவு வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்) மட்டும் தொக்கி நிற்கிறது. கரும்பலகையில் போடப்போகும் கணக்கு இது: 1 கிகாஹெர்ட்ஸ் கடிகாரம், சுற்றுக்கு 1000 பிக்கோநொடி. கடிகார விளிம்பில் தரவைப் பிடித்து வைக்கும் உறுப்பான ஃப்ளிப்-ஃப்ளாப்பின் முன்னமைதி நேரம் 50. ஆக, தரவு 950க்குள் வந்துவிட வேண்டும். 910இல் வந்தால் ஸ்லாக் 40. 970இல் வந்தால் −20. இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே சொல் வேண்டும். 'தளர்வு' என்றால் பையன்கள் ஸ்க்ரூ தளர்ந்ததாக நினைக்கிறார்கள்.

> தளர்வு

வேண்டவே வேண்டாம். எச்சம் இருக்க ஏன் அலைகிறீர்கள்? அஞ்சு–அச்சம், மிஞ்சு–மிச்சம், எஞ்சு–எச்சம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தை முடித்ததே எச்சவியலில்தான். வினையெச்சம் ஒரு வினைக்காகக் காத்து நிற்கிறது. வந்த தரவும் கடிகார விளிம்புக்காகக் காத்து நிற்கிறது. −20 எதிர்மறை எச்சம். 'ஓடாக் குதிரை' மாதிரி ஈறும் கெட்டால் சில்லும் ஓடாது :-)

ஐயா, இலக்கணம் சரிதான். என் வகுப்பில் எச்சம் என்றால் காக்கை எச்சம். அத்தனை பேரும் மேலே பார்ப்பார்கள். 'அவகாசம்' போடலாமா?

> அவகாசம்

வடசொல். அதற்கு 'ஸ்லாக்' என்றே எழுதிவிட்டுப் போகலாமே.

வடசொல்லோ தென்சொல்லோ, கடன் வாங்கியவன் எவனுக்கும் அவகாசம் புரியும். புரிகிற சொல்லை விரட்டுவதையே வேலையாக வைத்திருக்கிறோம். என் ஓட்டு 'மிச்சம்'.

பல வருடமாக டைமிங் ரிப்போர்ட்டோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மிச்சமும் எச்சமும் முன்னமைதிக்குத்தான் பொருந்தும். பின்னமைதியில் கதை தலைகீழ். அங்கே தரவு சீக்கிரம் வந்துவிடுவதுதான் வம்பே. பழைய மதிப்பைப் பிடித்து முடிப்பதற்குள் புதியது வந்து மோதும். கடிகாரத்தை மெதுவாக்கினாலும் தீராது, பஃபர் சொருகித் தாமதப்படுத்த வேண்டும். இதில் மிஞ்சியது எது? 'இடைவெளி' என்றால் இரண்டுக்கும் ஆகும்.

இடைவெளி எப்படி ஐயா எதிர்மறையாகும்?

அப்படிப் பார்த்தால் மிச்சம் எப்படி எதிர்மறையாகும்? மளிகைக் கடையில் மிச்சம் −20 என்று யாராவது சொல்வார்களா? பாக்கி என்பார்கள்.

அனைவருக்கும் நன்றி. நகல் கடையிலிருந்து எழுதுகிறேன். மிச்சத்துக்கு நான்கு ஓட்டு, இடைவெளிக்கு ஒன்று, எச்சத்துக்கு ஒன்று. 'நேரமிச்சம்' என்று அச்சாகிறது, −20க்கு 'எதிர்மிச்சம்'. பின்னமைதிக்கு ஓர் அடிக்குறிப்பு போட்டுவிட்டேன்.

என் மறுப்பைப் பதிவு செய்க. எச்சம்தான்.
போகட்டும், கணக்கில் தேறாத பாதை ஒன்று இருந்து, 'இது நிஜத்தில் ஒருபோதும் இயங்காது' என்று தெரிந்து அதை விட்டுவிடுவீர்களாமே, அதற்கு என்ன சொல்?

'வேவர்' (விலக்கு) என்போம் ஐயா.

வழுதான், ஆனால் காரணம் காட்டி ஏற்கிறீர்கள். வழுவமைதி.

ஐயா, இதை இன்றைக்கே எங்கள் ரிவ்யூவில் சொல்லப்போகிறேன்.

அச்சாகிவிட்டதே! முன்பே சொல்லக் கூடாதா?