ரோபோ சங்கர்: டிவியில் எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

கேள்வி

'வேலைன்னு வந்துட்டா வெள்ளைக்காரன்' படத்தில் ரோபோ சங்கரின் அந்த 'காலையில ஆறு மணி' காமெடியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. 'மாரி'யில் தனுஷ் கூடவே அவர் வரும் 'சனிக்கிழமை' என்ற பாத்திரத்தையும் ரொம்பப் பிடிக்கும். எனக்கு வயது 19. அவர் டிவியில் கலக்கிய காலம் எனக்குத் தெரியாது. பெயரில் ஏன் 'ரோபோ'? யூடியூபில் எதை முதலில் பார்க்கலாம்?

பதில் 1

விஜய் டிவியில் 'கலக்கப் போவது யாரு', அப்புறம் 'அது இது எது'. இரண்டாவதில் 'சிரிச்சா போச்சு' சுற்றை மட்டும் தேடிப் பாருங்கள், போதும். 2013-ல் 'இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா' வந்த பிறகு சினிமாவில் நன்றாகத் தெரிய ஆரம்பித்தார். 2025 செப்டம்பர் 18 அன்று சென்னையில் காலமானார். 46 வயதுதான்.

பதில் 2 (மைக்செட்காரர், மேலூர்)

தம்பி, பெயர்க் காரணத்தை நான் சொல்கிறேன். அந்த வேலையை நானும் ஆறு வருடம் செய்தவன்.

மதுரைப் பக்கம் கோயில் பொங்கல் என்றால் ராத்திரி ஆர்கெஸ்ட்ரா இருக்கும். பாடுகிறவர்கள் இளைப்பாறும் நேரத்தில் ஒரு மிமிக்ரி, ஒரு பிரேக் டான்ஸ், அப்புறம் ரோபோ. உடம்பெல்லாம் சில்வர் பூசிக்கொண்டு இயந்திர மனிதன் மாதிரி ஆடுவது. சங்கர் அண்ணன் மதுரைக்காரர். மேடைகளில் அப்படி ஆடித்தான் பெயருக்கு முன்னால் ரோபோ ஒட்டிக்கொண்டது.

நான் கிரில் கேட்டுக்கு அடிக்கும் சில்வர் பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவேன். அரை மணி நேரத்தில் வேர்வைக்கு வழியில்லாமல் உடம்பு கொதிக்கும். இமை ஓரம் எரியும், தேய்க்க முடியாது, தேய்த்தால் சில்வர் கையோடு வந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே துணி சோப்பு போட வேண்டும். அப்படியும் காது மடிப்பில் நாலு நாள் மினுக்கும். ஒரு ஊரில் ஐந்நூறு பேசிவிட்டு, விடியற்காலையில் இருநூறைக் கையில் திணித்து அனுப்பினார்கள். மண்ணெண்ணெய் வாடையோடு பஸ் ஏறினேன், பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அதோடு நான் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

இப்போது 'சிரிச்சா போச்சு' பாருங்கள். சிரிக்கவே கூடாது என்று விருந்தாளிகள் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். மற்றவர்கள் பதறிப்போய் வசனத்தைக் கொட்டுவார்கள். இவர் உடம்பை வைத்து ஆடுவார். அவ்வளவு பெரிய உடம்பு சட்டென்று ஒரு இடத்தில் அசையாமல் நிற்கும். ரோபோ ஆட்டத்தில் கஷ்டமே அதுதான், ஆடுவதைவிட நிற்பது. கேப்டன் விஜயகாந்த் மாதிரி செய்யும்போதும் குரல் வருவதற்கு முன்னாடியே கழுத்து திரும்பிவிடும், கண் வந்துவிடும்.

சினிமா அவர் முகத்தையும் குரலையும்தான் அதிகம் எடுத்துக்கொண்டது என்பது என் அபிப்பிராயம். உச்சி முதல் உள்ளங்கால் வரை அவரைக் காட்டியது டிவி மேடைதான். 2023-ல் மஞ்சள் காமாலையில் இளைத்துப்போய், தேறி, திரும்பவும் வந்தார். அந்த மெலிந்த உருவத்தைப் பார்த்தபோது எனக்கு மனசு தாங்கவில்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. ராத்திரி மூன்று வீடியோ பார்த்தேன். நீங்கள் சொன்ன அந்த நிற்பதைக் கவனித்தேன். சத்தம் கேட்டு எழுந்து வந்த அம்மாவும் கூடவே உட்கார்ந்துவிட்டார், ஒரு மணி வரை படுக்கவில்லை.

மைக்செட்காரர், மேலூர்

அம்மாவுக்கு எந்த ஊர் என்று கேளுங்கள் தம்பி. எங்கள் பக்கம் என்றால், ஏதாவது ஒரு பொங்கலில் சில்வர் பூசிய ஆளைப் பார்த்திருப்பார்கள். அடுத்து, அதே 'சிரிச்சா போச்சு'வில் வடிவேல் பாலாஜி வருகிறதைப் பாருங்கள். அவரும் மதுரைதான், 2020-ல் இறந்துபோய்விட்டார். அம்மாவையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.