புதுப்பிப்பு: மூடியைத் திறந்ததும் டச்பேட் உறைந்துபோவது – தீர்வு கிடைத்தது

முன்பு கேட்டது இதுதான்: உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் லேப்டாப் மூடியை மூடித் திறந்தால் டச்பேட் அசையாது, யூஎஸ்பி மவுஸ் ஓடும், ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

டச்பேட்டில் பழுதில்லை. ஜர்னல்சிடிஎல் காட்டும் சிஸ்டம் பதிவில், லேப்டாப் விழித்த அதே நொடியில் ஐ2சி ஹிட் (டச்பேட்டை இயக்கும் டிரைவர்) மின்நிலையை மாற்ற முடியவில்லை என்ற வரி இருந்தது. டிரைவர் கூப்பிடும்போது டச்பேட் சிப் இன்னும் தூக்கத்தில். சினாப்டிக்ஸ் என்ற பழைய டச்பேட் டிரைவர் பொதியை மாற்றச் சிலர் சொன்னார்கள்; வேலண்ட் என்ற திரை அமைப்பில் டச்பேட், மவுஸ் எல்லாவற்றையும் கவனிப்பது லிப்இன்புட்தான், அதனால் பயனில்லை.

டெர்மினலில் மோட்புரோப் -ஆர் கட்டளை போட்டு ஐ2சி_ஹிட்_ஏசிபிஐ மாட்யூலை (அந்த டிரைவரை) இறக்கி, இரண்டு வினாடி விட்டு மறுபடி ஏற்றினால் அம்புக்குறி உடனே நகர்கிறது. 5.12க்கு முந்திய கேர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) மாட்யூலின் பெயர் வெறும் ஐ2சி_ஹிட்.

ஒவ்வொரு முறையும் கையால் அடிக்கத் தேவையில்லை. யூஎஸ்ஆர், லிப், சிஸ்டம்டி என்று இறங்கினால் சிஸ்டம்-ஸ்லீப் ஃபோல்டர் வரும். அதில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: அதற்கு வரும் முதல் மதிப்பு 'பிரீ' (தூங்கும் முன்) என்றால் மாட்யூலை இறக்கு, 'போஸ்ட்' (விழித்த பின்) என்றால் ஏற்று. ரூட்டாகவே, அதாவது நிர்வாகி உரிமையோடே ஓடும்; அந்த உரிமை கேட்கும் சூடோ கட்டளை வேண்டாம். ஸ்கிரிப்டை இயக்க அனுமதி தரும் சிஎச்மோட் 755 கொடுக்க மறந்தால் பிழைகூடக் காட்டாமல் சும்மா கிடக்கும்; பலர் தடுக்குவது இங்கேதான்.

அம்புக்குறி நின்றுபோகாமல் சார்ஜ் ஏறும்போது மட்டும் துள்ளினால் அது வேறு கதை. கொழும்பு வெள்ளவத்தைப் பழைய ஃபிளாட்டுகளில் எர்த் இல்லாத சொக்கட்டும், பேனையால் குத்தித் திறந்து செருகிய இரண்டு பின் பிளக்கும் சகஜம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். துள்ளல் நின்றால் லினக்ஸைத் திட்ட வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.