அலுவலகப் பிள்ளையளோட பார்க்க 'தி இன்டர்ன்ஷிப்' சரிவருமா?

கணக்குப்பிள்ளை (திருகோணமலை):

வணக்கம். ஏகாம்பரம் வீதியில ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில புதுசாச் சேர்ந்திருக்கிறன். ஹோட்டல்களுக்கு அறைப்பதிவும் பில்லும் போடுற மென்பொருள். எனக்கு வயசு 52. சந்தையடி மொத்தக்கடையில பேரேடு எழுதின ஆள். கடை பூட்டின பிறகு இஞ்ச வாடிக்கையாளரோட கதைக்கிற வேலை. மற்ற எல்லாரும் என்ர மூத்த மகளின்ர வயசு.

மாசக் கடைசி வெள்ளி பின்னேரம் எல்லாரும் ஒண்டா இருந்து படம் பார்க்கிறது அங்க வழக்கம். இந்த முறை "நீங்க சொல்லுங்கோ அங்கிள்" எண்டு என்னட்ட விட்டிருக்கினம். 2013இல வந்த 'தி இன்டர்ன்ஷிப்'தான் எனக்கு நினைவுக்கு வந்தது. வின்ஸ் வானும் ஓவன் வில்சனும் கைக்கடிகாரம் விக்கிறவை. கம்பனி மூடுப்பட, கூகிளுக்குப் பயிற்சிக்குப் போய்ப் பல்கலைக்கழகப் பிள்ளையளோட ஒரு குழுவில மாட்டுப்படுகினம்.

சிரிப்புக் கனக்க இருக்கு. ஆனா எனக்குப் பிடிச்சது பீட்சாக் கடைக் காட்சி. விளம்பரம் வேண்டாம் எண்டு நிக்கிற கடைக்காரரோட பில்லி (வின்ஸ் வான்) இருந்து கதைக்கிறான். அந்த மனுசன் தன்ர கடையில எதைக் காப்பாத்த நினைக்கிறார் எண்டதை முதல்ல விளங்கிக்கொண்டுதான் தன்ர விசயத்துக்கு வாறான். நிலாவெளியில ஆறு அறை வச்சிருக்கிற ஒரு ஐயா எங்கட மென்பொருளைத் தொடவே மாட்டன் எண்டவர். நான் அவரின்ர கொப்பியைத்தான் முதல் வாங்கிப் பார்த்தன். ஏப்ரலில இருந்து செப்டெம்பர் மட்டும்தான் சீசன், அதுக்குள்ள ஒரு அறையை ரெண்டு பேருக்குக் குடுத்திட்டா பேர் கெட்டுப்போகும் எண்ட பயம் அந்தக் கொப்பி முழுக்கத் தெரிஞ்சுது. கொப்பியில இருந்த வரிசையிலயே திரையையும் எங்கட பிள்ளையள் மாத்திக் குடுத்தினம். இப்ப அவரே பதியிறார்.

என்ர கேள்வி இதுதான்: இந்தப் படத்தைப் போட்டா, அவையளுக்கு நான் ஏதோ பாடம் சொல்ல வெளிக்கிட்ட மாதிரி இருக்குமோ? இல்லாட்டி 2015இல ராபர்ட் டி நீரோ நடிச்ச 'தி இன்டர்ன்' நல்லதோ?

உவர்மலைப் பிள்ளை:

அங்கிள், எனக்கு வயசு 27, இதே துறைதான். பயப்பிடாமல் போடுங்கோ. பில்லி உதவித் தொலைபேசிக்காக விழுந்து விழுந்து படிச்சு, எல்லாருக்கும் வடிவா மறுமொழி சொல்லிப்போட்டு, அழைப்புகளைப் பதியாமல் விட்டதால போட்டியில குழுவுக்குப் புள்ளி போற இடம் இருக்கெல்லோ? படத்தில எனக்கு அதுதான் முக்கியம். எங்களோட வேலை செய்யிற பெரியாக்கள் "பிரச்சினை தீர்ந்துது தானே, பிறகேன் டிக்கெட்?" எண்டு கேக்கிறவை. டிக்கெட் எண்டா ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் நாங்கள் போடுற பதிவு. பதியாட்டி, அடுத்த ஷிஃப்டுக்கு வாற பிள்ளை அதே ஹோட்டல்காரரிட்ட எல்லாத்தையும் முதல்ல இருந்து கேக்கவேணும். மூண்டு இடத்தில ஒரே பிழை வந்திருக்கு எண்டு பதிவில தெரிஞ்சாத்தான் கோளாறு மென்பொருளில எண்டு நாங்கள் கண்டுபிடிக்கலாம். பேரேடு எழுதின உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நீங்க எங்கட பக்கத்து ஆள்.

கிண்ணியா வாசகன்:

அண்ணன், ஒரு விசயம் கவனிங்க. நடுவுல குழு முழுக்க இரவு விடுதிக்குப் போற காட்சி ஒண்டு இருக்கு, அரைகுறை உடுப்போட நடனம். பெண் பிள்ளைகள் இருக்கிற அலுவலகத்துல அது எல்லாருக்கும் சங்கடம். அதத் தாண்டி ஓடவிடுங்க.

மற்றது, ரெண்டு மணித்தியாலமும் அந்தக் கம்பனிக்கு விளம்பரம் பார்த்த மாதிரித்தான் எனக்கு இருந்த. வந்த காலத்துல விமர்சகர்களும் அதைத்தான் சொன்னாங்க. வெளிப்புறக் காட்சிகள்ல நிறைய அட்லாண்டாவுல ஜோர்ஜியா டெக் வளாகத்துல எடுத்தது. சறுக்குப் பலகையும் இலவசச் சாப்பாடும் பார்த்து எங்கட பிள்ளைகள் ஏங்குறதுல எனக்கு விருப்பமில்ல. சம்பளம் நேரத்துக்கு வாற, வேலை படிச்சுக் குடுக்கிற சின்ன அலுவலகம் ஊருக்குள்ளயே இருக்கிறது பெரிய காரியம்.

சீனன்குடா ஓய்வூதியர்:

தம்பி, நான் 'தி இன்டர்ன்' பக்கம். அதில டி நீரோ நடிக்கிற பென் என்பவருக்கு 70 வயது, மனைவி இல்லை. அவர் பயிற்சிக்குச் சேரும் புதுக் கம்பனி நடக்கிற அதே புரூக்ளின் கட்டிடத்தில்தான் அவர் முன்பு தொலைபேசி விபரக்கொத்து வேலை பார்த்திருக்கிறார். எல்லாரும் பொருட்களைக் குவித்து வைத்த ஒரு மேசை அங்கே இருக்கும்; முதலாளிப் பெண்ணுக்கு அதைக் கண்டாலே எரிச்சல். ஒருவரும் சொல்லாமலே ஒருநாள் காலையில் நேரத்தோடு வந்து அதை ஒதுக்கி வைப்பார். எழுதுவினைஞராக இருந்த எனக்கு அந்தக் காட்சி போதும். அந்தப் பெண்ணின் கஷ்டத்தையும் படம் மதித்துப் பேசுகிறது. முதலீடு போட்டவர்கள் அவருக்கு மேல் ஒரு நிர்வாகியைக் கொண்டுவரப் பார்ப்பது உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கும்.

கணக்குப்பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. இந்த மாசம் 'இன்டர்ன்ஷிப்', விடுதிக் காட்சியை விட்டிட்டுப் போடுவன். ஐயா சொன்னது அடுத்த மாசத்துக்கு. பிள்ளை, டிக்கெட் பற்றி நீங்க எழுதினதை அப்படியே எங்கட குழுவுக்கு அனுப்பலாமோ? எங்களோட ரெண்டு சிங்களப் பிள்ளையளும் இருக்கினம், அதால ஆங்கில வசன எழுத்தோட நல்ல பிரதி எங்க எடுக்கலாம் எண்டும் ஆராவது சொல்லுங்கோ.